சத்திரத்து மட்டப்பாவில் இந்த மழைக்குத் தண்ணீர் நிற்கவில்லை

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு பழைய சத்திரம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஆனி மாதம் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடுகிற சின்னக் கூட்டம்தான். ஓர் ஆசிரியர், மருந்துக் கடைக்காரர், சிவில் படிக்கிற இரண்டு பிள்ளைகள், வேலையை விட்டுவிட்ட ஒரு பெரிய கொத்தனார், அப்புறம் நான். ஐப்பசி மழையைத் தாண்டிவிட்டோம் என்பதால் இதுவரை நடந்ததை எழுதி வைக்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து ராமேசுவரம் போகிற வழியில் மராட்டிய மன்னர்கள் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரத்தை இந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. இரண்டாம் சரபோஜி கட்டியது. அவரே 1801இல் ஆங்கிலேயருக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சத்திரங்களில் சாதி பாராமல் சோறு போடுவதையும், நோயாளிகளுக்கு வைத்தியம் பார்ப்பதையும், வழியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை வளர்ப்பதையும் சொல்லி, தர்மம் நின்றுவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறார். எங்கள் ஊர்ச் சத்திரம் அரச குடும்பம் கட்டியது அல்ல. அதே பாதையில் நடந்து வந்தவர்களுக்காக ஊர் வணிகர்கள் கட்டியது என்று பெரியவர்கள் சொல்வார்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது, தாராசுரத்துக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் 2004இல். அவற்றைப் பார்க்க ஆள் இருக்கிறது. சத்திரத்துக்கு நாம்தான் இருக்கிறோம்.

முதலில் எதையும் தொடவில்லை. நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கினோம். அது வரும்வரை அளவெடுப்பும் படம் எடுப்பும்தான். தூண், உத்தரம், கதவு நிலை, விரிசல் என்று ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, பக்கத்தில் அடிக்கோலை வைத்துப் படம் எடுத்தோம். சுவரில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினோம். பார்க்கிறவர்களுக்கு அது வேலையாகவே தெரியாது. ஆனால் விரிசல் வளர்கிறதா, நின்றுவிட்டதா என்பதை அடுத்த வருடம் யார் கேட்டாலும் அந்தப் படங்கள்தான் பதில் சொல்லும்.

ஆடியில் மட்டப்பாவில், அதாவது சத்திரத்தின் தட்டையான மொட்டை மாடியில், ஏறினோம். அங்கேதான் எல்லா வினையும் இருந்தது. தேக்கு விட்டங்கள் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் சாய்த்து அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு என்கிற தட்டை ஓட்டைப் பதித்த கூரை. மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். தண்ணீர் வெளியேறுகிற தூம்புகள் எல்லாம் இலையும் புறா எச்சமும் சேர்ந்து அடைத்துக் கிடந்தன. தூம்பு அடைத்தால் மழைநீர் தேங்கும், தேங்கினால் விட்டத்தின் முனை சுவருக்குள் இருக்கிற இடத்தில் உளுத்துப்போகும். கூரை விழுவது அந்த முனையிலிருந்துதான். பழைய கட்டடத்தைக் காப்பாற்ற நினைக்கிற யாரும் முதலில் தூம்பைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் முடிவு. செலவு ஒரு கம்பி, ஒரு கூடை, ஒரு காலைப் பொழுது.

கைப்பிடிச் சுவரில் அரசங்கன்றுகள். மேலே வெட்டிவிட்டால் மறுபடி தழைத்துவிடும், வேரோடு இழுத்தால் சுவரும் சேர்ந்து வரும். சின்னக் கன்றுகளுக்குச் செங்கல் இணைப்பைச் சுரண்டி வேரை முழுசாக எடுத்தோம். வேர் தடித்துவிட்ட இடத்தில் அறுத்து நிறுத்தி, துளிர்க்கத் துளிர்க்கக் கிள்ளிக்கொண்டே இருக்கிறோம்.

அப்புறம் சுண்ணாம்பு. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்கு ஆசை தீராது. வெளிச்சுவரின் அடியில் எப்போதோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். அதைத் தட்டினால் பொத்தென்று சத்தம், பெயர்த்தால் உள்ளே செங்கல் மாவாகக் கொட்டியது. பெரிய கொத்தனார் சொன்னார்: “செங்கல்லு குடிச்ச தண்ணி வெளியில வந்தாகணும் தம்பி. சிமெண்ட்டு அத விடாது. ஈரம் உள்ளயே நின்னு உப்பு பூத்து கல்லத் தின்னுடும்.” சுண்ணாம்புக் காரையில் ஈரம் ஏறினாலும் வெயிலில் காய்ந்து வெளியேறிவிடுகிறது.

சுண்ணாம்புக்கல்லை 900 டிகிரி அளவுக்குச் சுட்டால் கரியமில வாயு வெளியேறிவிடும். அந்தக் கல்லைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டதும் கொதித்தது பாருங்கள், அடுப்பே இல்லாமல்! கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் இல்லாமல் பக்கத்தில் போகவே கூடாது. நீற்றியதைத் தண்ணீருக்கடியில் ஊற வைத்தோம். கடுக்காயையும் வெல்லத்தையும் தனிப் பானையில் புளிக்க விட்டோம். கழுவிய மணலும் செங்கல் தூளும் சேர்த்து, அந்தத் தண்ணீர் விட்டு அரைத்தால் காரை வெண்ணெய் போலக் கரண்டியிலிருந்து வழுக்கி விழுகிறது. மெல்லிசாகத்தான் பூச வேண்டும். காற்றிலிருந்து கரியமில வாயுவை மெதுவாக வாங்கி மறுபடி கல்லாக இறுகுவதால் அவசரம் உதவாது. ஈரச் சாக்கைப் போர்த்தி வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தோம். சத்திரத்துக்குப் பக்கத்து வீட்டு அக்காவின் கைதான் அதில் பாதி.

இடையில் தரங்கம்பாடி போய்வந்தோம். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, 1792இல் எழுந்த நகர வாயில் எல்லாம் பார்க்கத்தான் வேண்டும். எனக்குப் பிடித்தது கோல்டுஸ்மித் தெரு. 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே சாதாரணத் தமிழ் வீடுகளைத் திண்ணையும் ஓடும் மாறாமல் செப்பனிட்டிருக்கிறார்கள். சத்திரத்துத் தரையில் டைல்ஸ் ஒட்டலாமே என்று கேட்டுக்கொண்டிருந்த நம் ஊர்க்காரர் ஒருவரையும் கூட்டிப்போயிருந்தோம். திரும்பி வந்ததிலிருந்து அவர்தான் ஞாயிறு காலை முதல் ஆள்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தபோது குடையோடு மட்டப்பாவுக்கு ஓடினேன். எல்லாத் தூம்பும் கொட்டிக்கொண்டிருந்தது, எங்கேயும் தேக்கம் இல்லை. கூடத்தில் வழக்கமாக ஒழுகும் இரண்டு மூலையில் ஒன்று காய்ந்து கிடந்தது. இன்னொன்று இன்னும் சொட்டுகிறது, தட்டோட்டுக்கு அடியில் போன வேர் ஒன்று அங்கே இருக்கிறது. புதுப் பூச்சில் ஒரே இடத்தில் மயிரிழை வெடிப்பு. தெற்குப் பக்கம், வெயில் அதிகம் படுகிற சுவர். அங்கே அடுத்த தடவை இன்னும் மெல்லிய பூச்சு.

தையில் பின்கட்டு வேலை தொடங்குகிறோம். உளுத்த இரண்டு விட்டங்களைப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் தொடுவோம், அதுவரை சவுக்கு முட்டு கொடுத்திருக்கிறது. பிள்ளைகள் இப்போது சுண்ணாம்பை நீற்றி ஊற வைக்கிறார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் ஒரு காலை ஒதுக்க முடிந்தால் வாருங்கள். பழைய சட்டை போதும், கண்ணாடியும் கையுறையும் நாங்கள் தருகிறோம்.