புல் நுனியில் மைனஸ்: உதகையில் ஒரு பிப்ரவரிப் பதிவு

பிப்ரவரி முழுவதும் என் தோட்டத்து வெப்ப உணரிகள் இரண்டும் ஓர் இரவுகூட விடாமல் பதிவு செய்துவிட்டன. ஒன்று, வெயில் நேரே படாமல் காற்றின் வெப்பத்தை அளப்பதற்கான கூண்டுக்குள், தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மற்றொன்று புல் நுனியில் கிடக்கிறது. கூண்டு 3.2 டிகிரி காட்டிய விடியலில் புல் மைனஸ் 1.4 காட்டியது. "நாலு டிகிரிதானே, அதற்குள் எப்படி உறைபனி விழும்?" என்று ஆண்டுதோறும் கிளம்பும் வாதத்துக்கு இனி என் கையில் வரைபடமே இருக்கிறது. வானிலை அறிக்கையில் வரும் எண் காற்றுடையது. தேயிலைக் கொழுந்தைக் கருக்குவது இலையின் குளிர். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு பேசுவதால்தான் அந்த வாதம் முடிவதே இல்லை.

இந்த மாதம் என்னை ஆட்டிப்படைத்தது புல் நுனி உணரிதான். டி.எஸ்.18.பி.20 என்ற சில்லு வடிவ வெப்ப உணரியை எஃகுக் குழாயில் அடைத்து விற்கிறார்களே, அதை அப்படியே புல்லில் போட்டால் போதும் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். போதாது. பளபளக்கும் எஃகு தன் வெப்பத்தை வானத்துக்கு எளிதில் விடாது. பக்கத்தில் இருக்கும் புல் தாராளமாக விட்டுவிடும். அதனால் உணரி புல்லைவிடச் சூடாகவே இருக்கும். இதைச் சோதிக்க ஒரே ரகக் குழாய்கள் இரண்டை எடுத்து, நொறுக்கிய பனிக்கட்டிக் குழம்பில் முக்கி, இரண்டும் பூஜ்யத்தில் ஒத்துப்போவதைப் பார்த்துக்கொண்டேன். (கொதிநீரை வைத்துச் சரிபார்க்க நினைப்பவர்கள் கவனிக்கவும்: 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.) பிறகு ஒன்றுக்கு மட்டும் மங்கலான பெயின்ட் இரண்டு பூச்சு கொடுத்து, இரண்டையும் ஒரு சாண் இடைவெளியில் புல்லின் மேல் கிடத்தினேன்.

விடியலில் டார்ச்சோடு போய்க் குனிந்து பார்த்தபோது விடை கண்ணெதிரே இருந்தது. பெயின்ட் பூசிய குழாயின் மேல்பக்கம் முழுக்க ஊசி ஊசியாகப் பனிப்படிகம். புல்லில் இருந்த அதே நீளம், அதே வெண்மை. வெறும் எஃகில் ஈரம் மட்டும் திட்டுத்திட்டாக இருந்தது. இரண்டுக்கும் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம். என்ன நிறம் பூசுவது என்று கேட்பவர்களுக்கு: இரவைப் பொறுத்தவரை கறுப்பும் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றுதான், உலோகப் பளபளப்புள்ள பெயின்ட் மட்டும் வேண்டாம். நான் வெள்ளை பூசினேன். காலை வெயிலில் குழாய் தேவையில்லாமல் சூடேறாது.

உணரி வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. சந்தையில் போலிச் சில்லுகள் மண்டிக் கிடக்கின்றன. எனக்கு இணையத்தில் வந்த ஒரு கட்டு முழுவதும் போலி. பூஜ்யத்துக்குக் கீழே ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை சொன்னது. வந்த உடனே சில்லுக்குள் பதிந்திருக்கும் வரிசை எண்ணைப் படித்துப் பாருங்கள். அசலில் 28-இல் தொடங்கி, கடைசி ஜோடிக்கு முன்னால் இரண்டு ஜோடி பூஜ்யங்கள் இருக்கும். அது இல்லாவிட்டால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

இனி மாதத்தின் கதை. முதல் வாரம் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பகலில் வெயில் சுள்ளென்று அடித்து இருபதைத் தாண்டும். சூரியன் மலைக்குப் பின்னால் போன உடனே புல் உணரியின் கோடு செங்குத்தாக இறங்கும். இருட்டிய பிறகு அதன் வேகம் குறையும், ஆனால் இறக்கம் நிற்காது. குறைந்தபட்சம் நள்ளிரவில் வருவதில்லை. சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டி, ஆறரை மணிக்கு மேல்தான் வருகிறது. நான் இருப்பது பள்ளம். குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளிலிருந்து வழிந்து இங்கே வந்து தேங்குகிறது. தலைக்குந்தாவும் குதிரைப் பந்தய மைதானமும் வெளுத்துக் கிடக்கும் காலையில் மேட்டு வீடுகளில் வெறும் நீர்ப்பனி மட்டும் இருப்பதற்கும் இதுதான் காரணம்.

இரண்டாம் வாரத்தில் உயரத்தில் மெல்லிய கீற்று மேகம் வந்தது. அண்ணாந்து பார்த்தால் நட்சத்திரம் தெரியும் அளவுக்கு மெல்லியதுதான். ஆனாலும் புல்லின் குறைந்தபட்சம் அன்றிரவே மேலே ஏறிவிட்டது. அதற்கடுத்து வந்த காற்று இரவுகளும் அப்படித்தான். கூண்டில் குளிர் அப்படியே இருந்தது. ஆனால் காற்று மேலிருக்கும் சற்றே சூடான அடுக்கைத் தரையோடு கலந்துகொண்டே இருந்ததால் புல்லும் கூண்டும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் ஓடின. காதை அறுக்கும் குளிர்காற்று வீசும் இரவில் உறைபனி இல்லை. இலை அசையாத அமைதியான இரவில்தான் விழுகிறது. இதை வரைபடத்தில் பார்ப்பது தனி மகிழ்ச்சி.

மாசி பிறந்த பிறகு வந்த ஒரு காலைதான் இந்த மாதத்தின் உச்சம். காற்று மிகவும் வறண்டிருந்தது. புல் உணரி மைனஸ் 2-ஐத் தொட்டும் தோட்டத்தில் ஒரு பொட்டு வெண்மைகூட இல்லை. படிகமாக மாற ஈரம் போதவில்லை, அவ்வளவுதான். "இன்று பனி இல்லை" என்று பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர் நிம்மதியாகச் சொன்னார். நான் எண்ணைக் காட்டினேன். அடுத்த சில நாளில் பள்ளத்தோரச் செடிகளின் கொழுந்து பழுப்பேறிக் கருகியது. வெள்ளையைக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய்வது ஆபத்து என்று இனி யார் கேட்டாலும் அடித்துச் சொல்வேன். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்ற பழமொழிக்காக வீட்டின் தகரக் கூரைமேலும் ஓர் உணரி ஒட்ட வேண்டும் என்று நீண்ட நாள் ஆசை. அடுத்த குளிருக்குள் நிச்சயம் செய்துவிடுவேன்.

கூண்டு வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகளைத் திருகுமறைக் கம்பியில் அடுக்கிக் கட்டியது உறுதியாகத்தான் நிற்கிறது. ஆனால் காற்றே இல்லாத நண்பகலில் தட்டுகள் சூடேறி, உள்ளே இருக்கும் உணரியும் கூடவே ஏறுகிறது. அடியில் சிறிய கணினி விசிறி ஒன்றைப் பொருத்திக் காற்றை இழுத்துப் பார்த்தேன்; பகல் உச்சம் ஒரு டிகிரிக்கு மேல் இறங்கிவிட்டது. விசிறி இல்லாத கூண்டுகளின் பகல் உச்சத்தை இனி நான் நம்பப்போவதில்லை. சிக்கல் மின்சாரத்தில் இருக்கிறது. லித்தியம் பேட்டரியைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் அது பாழாகிவிடும். உறைபனிக் காலையில் சூரியத் தகடு முதலில் செய்ய முயல்வது அதைத்தான். இப்போதைக்குப் பேட்டரியை வீட்டுக்குள் வைத்து ஒயரை ஜன்னல் வழியாக இழுத்திருக்கிறேன். குளிரில் சார்ஜை நிறுத்தி வைக்கும் மின்சுற்றுப் பலகை ஒன்றைக் கோவையில் சொல்லி வைத்திருக்கிறேன்.

வானிலைத் துறைக் கணக்கில் பிப்ரவரியோடு குளிர்காலம் முடிந்துவிட்டது. கடைசி வாரத்தில் மாலை மேகம் கட்டத் தொடங்கிவிட்டது. கோடை மழை இறங்குவதற்குள் மழைமானிக்குள் நீர் நிறைந்ததும் சாய்ந்து கொட்டும் சிறு வாளியான சாய்வாளியைக் கழற்றித் துடைத்து, ஒரு சாய்வுக்கு எத்தனை மில்லி என்று சிரிஞ்சு வைத்து அளந்துவிட வேண்டும்.