அத்தையின் முறுக்கும் சாய்வெழுத்தும்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது சிங்கப்பூர் யீஷூனிலிருந்து அத்தை அழைத்தார். சிவப்பு மூடி முறுக்கு டப்பாக்களில் ஒட்ட லேபிள் வேண்டுமாம். "வீட்டில் சுட்டது என்று பார்த்ததும் தெரிய வேண்டும் தம்பி. அதற்காக ஏனோதானோவென்றும் இருக்கக் கூடாது."

ஆங்கிலப் பெயருக்கு கூப்பர் பிளாக் எழுத்துருவின் சாய்வு வடிவத்தை எடுத்தேன். சிகாகோவில் இருந்த ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்து, 1922இல் வெளிவந்த எழுத்துரு அது. நல்ல தடிமன். ஆனாலும் மிரட்டாது. காரணம் அதன் செரிஃப்கள், அதாவது எழுத்துக் கோடுகளின் முனையில் நீளும் சிறு கால்கள். கூர்முனையே இல்லாமல், வெண்ணெய் இளகத் தொடங்கியதுபோல உருண்டு முடியும். சாய்வு வடிவத்தில் அந்த உருண்டைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நடக்கின்றன. அத்தைக்கு உடனே பிடித்துவிட்டது.

அடுத்தது தமிழ்ப் பெயர். கணினியில் 'முறுக்கு' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்துச் சாய்வுப் பொத்தானை அழுத்தினேன். அதுதான் தவறு. ஆங்கிலச் சாய்வெழுத்து, நேரெழுத்தைத் தள்ளிச் சாய்த்தது அல்ல. 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற அச்சாளர் அச்சிட்ட நூலில் தொடங்கி, கையெழுத்தைப் பார்த்துத் தனியாக வரையப்பட்டு வந்தது. தமிழ் அச்சுக்கு அப்படியொரு மரபு இல்லை. பொத்தான் எழுத்தைப் பிடித்துச் சரித்துவிடுகிறது, அவ்வளவுதான். 'று'வின் வளைவு ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் மெலிந்தது. 'க்'கின் புள்ளி வலப்பக்கம் நகர்ந்து அடுத்த 'கு'வை எட்டிப் பார்த்தது. "முறுக்கு வழுக்கி விழுகிறதே" என்றார் அத்தை. அரைமணி நேரம் முட்டிமோதிவிட்டு, முனை உருண்ட தடித்த தமிழ் எழுத்துரு ஒன்றை நேராகவே நிறுத்தினேன். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்போலப் பொருந்தின.

பேராசையில் சேர்பொருள் பட்டியலையும் அதே சாய்வெழுத்தில் போட்டிருந்தேன். சிங்கப்பூரில் பொட்டலமிட்ட உணவின் விவரங்கள் ஆங்கிலத்தில், 1.5 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருக்க வேண்டும். அந்த அளவில் இந்தத் தடிமன் தாங்காது. வீட்டு அச்சுப்பொறியில் எடுத்துப் பார்த்தபோது, அரிசி மாவு என்ற ஆங்கிலச் சொற்களில் இருந்த சின்ன 'e' எழுத்தின் வயிறு மை அடைத்துக் கறுப்புப் புள்ளியாகிக் கிடந்தது. பட்டியலைச் சாதாரண மெல்லிய எழுத்துக்கு மாற்றினேன்.

அச்சகத்துக்குக் கோப்பை அனுப்பினேன். மாதிரி வந்தபோது, பெயர் ஏதோ அரசாங்கக் கடிதத்தின் எழுத்தில் இருந்தது! அவர்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. என் கோப்பிலும் அதைப் பதித்து அனுப்பவில்லை. எழுத்துகளை வெறும் வரைகோடுகளாக மாற்றி, வெட்டுவதற்காகச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதல் விளிம்பும் விட்டு மறுபடி அனுப்பினேன். நான்காம் நாள் லேபிள்கள் வந்தன.

அத்தை உட்கார்ந்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஒட்டி முடித்தார். பாதி டப்பாக்களில் தமிழும் சாய்ந்தே இருக்கிறது.