மாங்காய் சீசன் முடிந்ததும் கடல்

கிருஷ்ணகிரிக்காரங்களுக்குக் கடல் என்றால் கேஆர்பி டேம்தான். மாங்காய் சீசன் முடிந்ததும், ஆகஸ்டில் இலங்கை போவதென்று முடிவாகிவிட்டது. எந்தக் கடற்கரை என்பதில்தான் ஒரு வாரமாக வீட்டில் சண்டை.

மகளுக்குத் தெற்குக் கரையில் இருக்கும் மிரிஸ்ஸ. திமிங்கலம் பார்க்கணுமாம். ஆனால் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, அந்தப் பக்கம் கடல் கொந்தளிக்கும். அதே மாதங்களில் கிழக்குக் கரை அமைதி. எனக்கு அங்கே இருக்கும் நிலாவெளி மேல் ஆசை; படகில் புறாத் தீவு போய்ப் பவளப்பாறை பார்க்கலாம்.

அம்மாதான் பஞ்சாயத்தை முடித்தார். "முழங்கால் தண்ணியில நிக்கணும், அலை இழுக்கக் கூடாது."

அப்படியென்றால் பாசிக்குடா. மட்டக்களப்புக்கு வடக்கே, உள்ளே வெகுதூரம் நடந்தாலும் ஆழமில்லாத கடல். சரி, அப்புறம் அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுக்கணும். மூக்குத்தியைக் கழற்றச் சொல்வார்களா என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்.