கைக்குட்டை

ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ நாடகத்தை நான் பாடம் எடுப்பது இது பதினோராவது வருஷம். மதியம் ஷிஃப்ட், மூணாவது மாடி. ஃபேன் சுத்தும், காத்து வராது. உசிலம்பட்டி, மேலூர் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் நாலு மணி ஆனதுமே பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார்கள், பஸ்ஸுக்கு.

ஒத்தெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவுக்கு என்னிடம் பழைய நோட்ஸ் உண்டு. களங்கமில்லாதவள், சந்தேகத்துக்குப் பலியானவள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அப்பாவுக்குத் தெரியாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டாள் என்ற இடம் வந்ததுமே வகுப்பில் பாதிப் பேர் அவளைக் கைகழுவிவிடுவார்கள். "பெத்தவங்கள ஏமாத்துனா இப்படித்தான் மேம்." அவள் அப்பா பிரபான்ஷியோவும் அதைத்தான் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போகிறார்: தகப்பனை ஏமாற்றியவள் உன்னையும் ஏமாற்றலாம். பிறகு ஒத்தெல்லோவுக்குக் கீழே வேலை பார்க்கும் வஞ்சகன் இயாகோ அதையே எடுத்து அவன் காதில் ஊற்றுகிறான். 1604-ல் மேடையேறிய நாடகம்! அன்றைக்கு டெஸ்டிமோனாவாக நடித்தது ஒரு பையன் என்றால் சிரிப்பார்கள். 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் இதே மதுரையில் ஆரம்பித்த பால சபா நாடகக் கம்பெனியிலும் ஸ்திரீபார்ட் கட்டியது பையன்கள்தான் என்பேன்.

இந்த வருஷம் கடைசி பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி டெஸ்டிமோனாவை விட்டுவிட்டு எமிலியாவைப் பிடித்துக்கொண்டாள். ஒத்தெல்லோ டெஸ்டிமோனாவுக்குக் கொடுத்திருந்த கைக்குட்டை கீழே விழ, அதை எடுத்துப் புருஷன் இயாகோவிடம் கொடுப்பவள் அவளுடைய பணிப்பெண் எமிலியா. ஒத்தெல்லோவின் சந்தேகத்துக்கு இயாகோ காட்டும் சாட்சி அதுதான். கொஞ்ச நேரம் கழித்து டெஸ்டிமோனா, அது எங்கே போயிருக்கும் என்று அவளிடமே கேட்கிறாள். எமிலியா சொல்வது ஒரே வார்த்தை: தெரியாதும்மா.

"பக்கத்துலயே இருக்கா. ஒத்தெல்லோ கர்ச்சீப் எங்கன்னு கேட்டுக் கத்துறதப் பாக்குறா. அப்பவும் ஏன் மேம் வாயத் தொறக்கல?"

"வீட்டுக்காரரு கேட்டா குடுக்கத்தானடி செய்யணும்" என்றாள் முன் பெஞ்சில் ஒருத்தி.

நான் சுற்றி வளைத்தேன். பெண்டாட்டிகள் தவறினால் குற்றம் புருஷன்மேல்தான் என்று எமிலியா பின்னால் பேசுவதைச் சொன்னேன். அந்தப் பேச்சு 1622-ல் அச்சான புத்தகத்தில் இல்லை, 1623 பதிப்பில்தான் இருக்கிறது என்பதையும் சொன்னேன். கடைசியில் புருஷன் வாயை மூடச் சொல்லியும் மூடாமல் உண்மையைப் போட்டு உடைத்து, அவன் கையாலேயே செத்துப்போகிறாள் என்றேன். எல்லாம் சரிதான். கேட்டதற்குப் பதில் அது இல்லை.

மூன்று வருஷம் முந்தி, வகுப்பில் நோண்டிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் போனைப் பிடுங்கி வைத்திருந்தேன். அன்றைக்கு மத்தியானமே அவள் அப்பா வந்தார். நான் வாங்கி வைத்திருப்பது அவருக்கு யார் மூலம் தெரிந்ததோ. வெள்ளைச் சட்டை, வியர்வை, மரியாதையான பேச்சு. "ஒரு தடவை பாத்துட்டுத் தந்துர்றேன் டீச்சர்" என்றார். மேஜை டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அப்பாவாச்சே.

சாயங்காலம் அவள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். "மேம், என் போன்?"

அழுதுவிடுவாளோ என்று பயம். "ஆபீஸ்ல குடுத்துட்டேன், நாளைக்கு வாங்கிக்க" என்றேன்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. கல்யாணம் முடிந்துவிட்டதாகக் கூட இருந்த பிள்ளைகள் சொன்னார்கள். மாசக் கடைசியில் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் அவள் பேருக்கு நேரே சிவப்பு மையில் கோடு போட்டதும் நான்தான்.