கரண்ட் வந்தால் தானாக எழும்பும் எஸ்.எஸ்.எச் சுரங்கம்

மாமாவின் கடை யாழ்ப்பாணம் கே.கே.எஸ். வீதியில். கணக்கெல்லாம் அங்கேயுள்ள லினக்ஸ் கொம்பியூட்டரில். கோண்டாவில் வீட்டிலிருந்தே நான் அதில் வேலை செய்ய வேண்டும். கடை இணைப்புக்குத் தனிப் பொது ஐபி முகவரி இல்லை. வெளியிலிருந்து நேரே நுழைய முடியாது. ஆகவே கடைக் கொம்பியூட்டரே வாடகை சேர்வர் ஒன்றோடு எஸ்.எஸ்.எச்சில் (தூரத்துக் கொம்பியூட்டருக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) இணைந்து, அங்கே ஒரு போர்ட்டை, அதாவது இணைப்புக்கான எண்ணிட்ட வாசலை, திறந்து வைக்கிறது. நான் அதன் வழியாக உள்ளே போகிறேன். இந்த வழியைத்தான் சுரங்கம் என்கிறேன்.

சுரங்கம் போட ஒரு வரி போதும். அதை அறுபடாமல் வைத்திருப்பதுதான் வேலை.

ரவுட்டர் நின்று எழும்பினால் பழைய இணைப்பு செத்தது சேர்வருக்குத் தெரியாது. போர்ட்டை விடாமல் பிடித்திருக்கும். கடைப் பக்கம் புதிதாக லொகின் ஆகும், போர்ட் மட்டும் கிடைக்காது. எஸ்.எஸ்.எச் ஓர் எச்சரிக்கையைச் சொல்லிவிட்டுச் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். பார்த்தால் எல்லாம் சரி, உள்ளே மட்டும் போக முடியாது. இதற்கு மருந்து 'எக்ஸிட் ஒன் ஃபோர்வர்ட் ஃபெயிலியர்': போர்ட் கிடைக்காவிட்டால் எஸ்.எஸ்.எச் வெளியேறிவிடும். கடைப் பக்கம் 'சேர்வர் அலைவ் இன்டர்வல்' 30, சேர்வர் பக்கம் 'கிளையன்ட் அலைவ் இன்டர்வல்' 30, இரண்டுக்கும் 'கவுன்ட் மேக்ஸ்' 3. அதாவது 30 செக்கனுக்கு ஒருக்கா மற்றப் பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும், 3 தடவை பதில் இல்லாவிட்டால் இணைப்பை விட்டுவிடும். செத்த இணைப்பு சுமார் 90 செக்கனில் இரு பக்கமும் கழன்றுவிடும்.

வெளியேறியதைத் திரும்பத் தொடக்குவது சிஸ்டம்டி, லினக்ஸில் சேவைகளைத் தொடக்கிப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள். 'ரீஸ்டார்ட்' ஆல்வேஸ் என்று மட்டும் போட்டால் போதாது. இயல்பில் அது 100 மில்லிசெக்கனில் திரும்ப முயலும். 10 செக்கனுக்குள் 5 தடவை தொடங்கியும் நிலைக்காவிட்டால் கைவிட்டுவிடும். கரண்ட் வந்து இணையம் இன்னும் வராத நேரத்தில் நடப்பது இதுதான். 'ரீஸ்டார்ட் செக்' 10 என்று வைத்தேன், விடாமல் முயல்கிறது. இதை ஒரு பயனரின் பெயரில் ஓடும் சேவையாக வைப்பவர்கள், லொகின் இல்லாமலே அதை ஓடவிடும் 'லிங்கர்' அமைப்பைப் போட மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் யாராவது லொகின் செய்யும்வரை சுரங்கம் தொடங்காது.

கடைக் கொம்பியூட்டர் சேர்வரில் லொகின் ஆவது ஒரு கீயால், அதாவது சாவிபோல் உதவும் ஒரு கோப்பால். ஆளில்லாமல் ஓடுவதால் அந்தக் கீக்குக் கடவுச்சொல் வைக்க முடியாது. அதனால் சேர்வரில் அந்தக் கீயின் வரிக்கு முன்னால் 'ரெஸ்ட்ரிக்ட்', 'போர்ட் ஃபோர்வர்டிங்', 'பெர்மிட் லிசன்' மூன்றும் சேர்த்து, 'கமாண்ட்' என்பதில் ஒன்றும் செய்யாத 'ஃபோல்ஸ்' கட்டளையையும் போட்டேன். கீ களவு போனாலும் அதை வைத்துக் கட்டளை ஓட்ட முடியாது. இதைத் தயவுசெய்து யாரும் தவிர்க்காதீர்கள்.

கடைசியில் மாமாவுக்குப் போன் எடுத்து, "ரவுட்டரை ஒருக்கா நிப்பாட்டிப் போடுங்கோ" என்றேன். "ஏன்டா, நல்லாத்தானே ஓடுது?" என்றபடி நிப்பாட்டினார். ரவுட்டர் எழும்பிச் சில நிமிடங்களில், கடையில் யாரும் கை வைக்காமலே, வீட்டிலிருந்து கணக்கு திறந்தது.