திரையில் பார்த்த நீதிமன்றம்

பாம்பன், மண்டபம் பகுதிகளில் சட்ட விழிப்புணர்வு முகாம்களுக்குச் செல்லும் வழக்கறிஞர் என்ற முறையில் ஒன்றைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். நீதிமன்றத்தைப் பற்றி இந்தக் கரையோர மக்கள் அறிந்திருப்பதில் பெரும்பகுதி திரைப்படத்தில் பார்த்ததுதான். ஏமாற்றியவனைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கலாம் என்ற துணிவை மூத்த பெண்களுக்கு 1984இல் வந்த ‘விதி’ தந்தது. மறுத்த பெண்ணைத் தொடக்கூடாது என்பதை, எந்தத் துண்டறிக்கையாலும் முடியாத அளவுக்கு, 2019இல் வந்த ‘நேர்கொண்ட பார்வை’ இளைஞர்களிடம் கொண்டு சேர்த்தது.

அதே காட்சிகள் அச்சத்தையும் விதைத்திருக்கின்றன. பாசி எடுக்கும் அக்கா ஒருவர், பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தபடியே கேட்டார்: “ஏம்மா, அத்தனை பேர் முன்னாடி நின்னு அதையெல்லாம் சொல்லணும்னா எந்தப் புள்ள வாயத் திறக்கும்?” அவர் பார்த்த ‘நேர்கொண்ட பார்வை’யில் பாதிக்கப்பட்ட பெண்கள்மீதே வழக்கு, அதனால்தான் அவர்களுக்காக ஒரு வழக்கறிஞர் திறந்த மன்றத்தில் வாதாடுகிறார். உண்மையில் பாலியல் வன்கொடுமை வழக்கைப் பாதிக்கப்பட்டவர் சார்பில் அரசு வழக்கறிஞர் நடத்துகிறார். விசாரணை பொதுமக்கள் இல்லாமல் மூடிய அறையில் நடக்க வேண்டும் என்பது சட்டம். சம்மதம் இருந்ததாகக் காட்டுவதற்காக அவளுடைய பழைய உறவுகளைக் கிளறிக் குறுக்கு விசாரணை செய்வதற்கு 2013இலிருந்து தடை இருக்கிறது. இவை எந்தப் படத்திலும் மனத்தில் பதியும்படி காட்டப்படவில்லை என்பது என் வருத்தம்.

அதைவிடக் கவலை தருவது வேறொன்று. மீன்பிடித் தடைக்கால முகாம் ஒன்றில், “அந்தப் பொண்ணு கத்தவே இல்லையே, தள்ளிவிடவும் இல்லையே” என்று ஓர் இளைஞர் வாதிட்டார். திரையில் பெண் உரக்க மறுக்கிறாள்; அச்சத்தில் உறைந்துபோகிறவளை யாரும் கதாநாயகியாக்குவதில்லை. உடலால் எதிர்க்கவில்லை என்பதாலேயே சம்மதித்ததாகக் கொள்ள முடியாது என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 2013இல் சேர்க்கப்பட்ட விளக்கம், அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் தொடர்கிறது. அதை வரி வரியாக வாசித்துக் காட்டினேன். பின்வரிசையில் இருந்த பெண்கள் முன்னால் நகர்ந்து வந்தார்கள். புகாரைப் பெண் போலீஸ்தான் எழுதுவாரா, வக்கீலுக்குப் பணம் கட்ட வேண்டுமா என்று கேட்டார்கள். பெண் அதிகாரிதான் பதிய வேண்டும் என்றும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம் என்றும் சொன்னேன்.