கையெழுத்துக்கு முந்தைய மூன்று நாள்கள்

அமெரிக்காவில் எங்கள் வீட்டுக் கடனுக்கு ஒப்புதல் கிடைத்த அன்று வேலை முடிந்தது என்றே நினைத்தேன். அது நிபந்தனைகளோடு கூடிய ஒப்புதல் என்பதும், க்ளோசிங் எனப்படும் கையெழுத்து நாளுக்குள் அவற்றை ஒவ்வொன்றாகத் தீர்த்தாக வேண்டும் என்பதும் அடுத்த வாரமே தெரிந்தது.

முதலில் இடறியது என் பெயர்தான். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக நிற்கிறது. வங்கிக் கணக்கில் அது வெறும் இனிஷியல். பழைய சம்பளச் சீட்டிலோ இரண்டு பெயர்களும் ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டன. நமக்கு இது இயல்பு, ஆனால் கடன் கோப்பைப் பார்ப்பவருக்கு நாங்கள் மூன்று பேர். ஒப்பந்தம், கடன் விண்ணப்பம், வீட்டுக் காப்பீடு மூன்றிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து திருத்தச் சொன்னேன். மற்ற வடிவங்கள் எல்லாம் நானே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை, வீட்டின் உரிமையைச் சரிபார்த்துக் கையெழுத்தை நடத்தித் தரும் டைட்டில் கம்பெனி தயாரித்தது.

அடுத்தது பணம் வந்த வழி. முன்பணத்துக்காக மாமனார் அனுப்பிய தொகை, கடன் நிறுவனம் கேட்டிருந்த இரண்டு மாத வங்கி அறிக்கைக்குள் விழுந்திருந்ததால், திருப்பித் தர வேண்டாத அன்பளிப்பு என்று அவர் கையெழுத்திட்ட கடிதமும் அவருடைய வங்கி அறிக்கையும் தேவைப்பட்டன. இன்னும் முன்னதாகவே வாங்கி வைத்திருக்கலாம். கையெழுத்துக்குச் சற்று முன்பு கடன் வரலாற்றை மறுபடியும் பார்ப்பார்கள் என்பதால், புது சோபாவைத் தவணையில் வாங்கும் பேச்சையும் அதோடு நிறுத்தினோம்.

கடனின் இறுதிக் கணக்கைச் சொல்லும் க்ளோசிங் டிஸ்க்ளோஷர் என்ற ஐந்து பக்க ஆவணம், கையெழுத்துக்கு மூன்று வேலை நாள்களுக்கு முன்பே கடன் வாங்குபவர் கைக்கு வந்துவிட வேண்டும் என்பது 2015 அக்டோபரிலிருந்து நடைமுறையில் உள்ள விதி. இந்தக் கணக்கில் ஞாயிறும் கூட்டாட்சி விடுமுறைகளும் சேராது, சனிக்கிழமை சேரும். வெள்ளிக்கிழமை கையெழுத்து என்பதால் எங்களுக்குச் செவ்வாயன்று வந்தது. விண்ணப்பித்தபோது தந்த லோன் எஸ்டிமேட் என்ற மூன்று பக்க மதிப்பீட்டைச் சாப்பாட்டு மேசையில் அதன் பக்கத்தில் விரித்து, வரிக்கு வரி பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே போனேன். கடன் நிறுவனத்தின் சொந்தக் கட்டணம் தக்க காரணமின்றி ஏறக் கூடாது. அரசுப் பதிவுக் கட்டணமும், அவர்கள் பட்டியலிலிருந்து நாம் தேர்ந்த சேவைகளும் சேர்ந்து 10 சதவீதம் வரை ஏறலாம். காப்பீட்டுக்கும், முன்கூட்டியே கட்டும் வட்டிக்கும் அப்படி வரம்பு இல்லை. எஸ்க்ரோ எனப்படும் ஒதுக்கீட்டுக் கணக்குக்கான வரிசையில் இருந்த தொகை முதலில் திகைக்க வைத்தது. சொத்து வரிக்கும் காப்பீட்டுக்கும் சேர்க்கும் பணத்தோடு, இரண்டு மாதத் தொகை வரை கூடுதலாக வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது என்று படித்த பிறகே அந்தக் கணக்கு பிடிபட்டது.

டிக் விழாத வரி இரண்டாம் பக்கத்தில் இருந்தது: சற்றுக் கூடுதல் வட்டிக்கு ஒப்புக்கொண்டதற்காக எங்களுக்குத் தருவதாகச் சொன்ன லெண்டர் கிரெடிட் என்ற கட்டணத் தள்ளுபடி அங்கே இல்லை. இரண்டு தாள்களையும் படமெடுத்து அனுப்பினேன். திருத்திய பிரதி புதனன்று மாலை வந்தது. திருத்தம் கேட்டால் மூன்று நாள் காத்திருப்பு மறுபடி தொடங்கிவிடுமோ என்ற என் பயம் வீண். ஆண்டு வட்டி விகிதம் வரம்பு மீறித் தவறாகிப்போனாலோ, கடனின் வகை மாறினாலோ, முன்கூட்டி அடைத்தால் அபராதம் என்பது புதிதாகச் சேர்ந்தாலோதான் அப்படி நடக்கும்.

பணத்தை வங்கி வழியே வயர் செய்யும் விவரம் மின்னஞ்சலில் வந்தது. அதிலிருந்த தொலைபேசி எண்ணை நம்பாமல், டைட்டில் கம்பெனியில் முன்பே நேரில் வாங்கிய அட்டையிலிருந்த எண்ணுக்கு அழைத்து, கணக்கு எண்ணை அவர்களைச் சொல்லச் சொல்லி நான் சரிபார்த்தேன். போலி மின்னஞ்சலை நம்பி வேறு கணக்குக்கு அனுப்பிய பணம் திரும்புவது அரிது.

வியாழனன்று காலி வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். குழாய், அடுப்பு, ஹீட்டர் எல்லாம் ஓடின. வெள்ளியன்று கையெழுத்திட ஒரு மணி நேரம் ஆனது. கடைசியாக வந்தது பெயர் உறுதிமொழி. ஒவ்வொரு வடிவத்துக்கும் எதிரே அதே வடிவில் கையெழுத்திட வேண்டும் என்றார் நோட்டரி. இரண்டாவதில் இனிஷியலுக்குப் பின் புள்ளி வைக்க மறந்தேன். அந்தத் தாளை மட்டும் மறுபடி அச்செடுத்துக் கொண்டுவந்தார்கள்.